காய்ந்த ஒயின்

என் வயிற்றில் பிறந்த ஒரே மகனுக்கு, கூடலூர்த் தோட்டத்து வீட்டிலிருந்து உன் அம்மா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. உன் மகள் செல்வியை என் அண்ணன் பேரனுக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்துவிட்டாய் என்றும், வருகிற மாதம் மதுரையில் உன் வீட்டில் பரிசம் என்றும், பெண்ணுக்கும் பிடித்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். "முறை மாப்பிள்ளை, வசதியான வீடு, பழையதை மறந்துவிட்டு நீங்கள் வந்து ஆசீர்வாதம் பண்ண வேண்டும்" என்று கடைசி வரியில் போட்டிருக்கிறாய். மறப்பதற்கு முதலில் அது என்னவென்று உனக்குத் தெரிய வேண்டுமல்லவா? அது நடந்தபோது நீ கொழும்பில் கடையில் இருந்தாய். சண்டையில் கப்பல் போக்குவரத்து கெட்டு, உன் ஐயா செத்ததற்குக்கூட உன்னால் வர முடியவில்லை. திரும்பி வந்தபிறகு மாமன் வீட்டில் உனக்கு விருந்து வைத்தார்கள், நீயும் சாப்பிட்டாய். நான் தடுக்கவில்லை. ஆனால் சாப்பாடு வேறு, சம்பந்தம் வேறு. இந்தக் கடிதத்தை உன் வீட்டுக் கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்து உரக்கப் படி. உன் பெண்டாட்டி கேட்கட்டும், செல்வியும் கேட்கட்டும். ஒளித்துப் படிக்கிற மாதிரி நான் எதுவும் எழுதவில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்ற கைதான், ஆனால் என் எழுத்தைப் பார்த்து எழுதச் சொல்லி வாத்தியார் மற்ற பிள்ளைகளிடம் என் சிலேட்டைக் காட்டியிருக்கிறார். ஆகவே புரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நேரில் பார்க்கும்போது உன் மாமனை 'அண்ணே, நீங்க' என்றுதான் இன்றைக்கும் கூப்பிடுகிறேன். இந்தக் காகிதத்தில் 'அவன்' என்றுதான் எழுதப்போகிறேன். காகிதத்திலாவது என் மனசுப்படி இருந்துவிட்டுப் போகிறேன்.

உத்தமபாளையத்துப் பக்கம் வேதக்கோயிலில் இருந்த இத்தாலிக்காரச் சாமியாரை உனக்கு ஞாபகம் இருக்கும். நீ கொழும்புக்குப் போகுமுன் உன் தலையில் கைவைத்து ஏதோ அவர் பாஷையில் முணுமுணுத்தாரே, அவர்தான். அவருக்கு ஊர் ஸொவாவே. வெரோனா என்று ஒரு பட்டணமாம், அதற்குக் கிழக்கே இருக்கிறதாம். அந்தப் பேரை அவர் சொன்னபோதெல்லாம் நம் ஆட்கள் 'சுவையே' என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். மேட்டின்மேல் ஒரு பழைய கோட்டை, அதிலிருந்து ஊரைச் சுற்றி இறங்குகிற மதில், மதிலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய மட்டும் திராட்சை. ஒரு காலத்தில் நெருப்புக் கக்கிய மலைகள் ஆறிக் கறுத்துப் பொடிந்த மண் என்றார். நம் ஊர் மாதிரியே அங்கேயும் கொடியைப் பந்தலில் ஏற்றிப் படரவிடுவார்களாம். அதைக் கேட்டதும் உன் ஐயாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "பாத்தியா புள்ள, கடல் தாண்டியும் நம்மள மாதிரி பந்தல் போடுறவன் இருக்கான்" என்று, ஏதோ அங்கே ஒரு பங்காளியைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சாமியார் ஒருமுறை சொந்த ஊருக்குப் போய்த் திரும்பியபோது, ஈரப் பாசியில் சுற்றிக் கொஞ்சம் கொடிக்குச்சிகள் கொண்டுவந்தார். கறுக்காமல் பொன்னிறமாகப் பழுக்கிற வெள்ளைத் திராட்சை. கோயில் மண்ணில் வரவில்லை. நம் தோட்டத்தில் உன் ஐயா வைத்தார், வந்தது. ஊரில் எல்லாரும் கறுப்புத் திராட்சை போட்டபோது, நம் பந்தலில் மட்டும் வெள்ளைக்கொடி. பூசைக்கான ஒயினை நம் கொட்டகையிலேயே சாமியார் போட்டார். பழத்தை மிதித்துப் பிழிந்த சாறு பீப்பாயில் நுரைத்துக் கொதிக்கும். கொதிப்பு அடங்கும்போது இனிப்பு முழுவதையும் நுரை தின்று தீர்த்திருக்க வேண்டும், துளி இனிப்பு நின்றாலும் அது அவர் ஊர் ஒயின் இல்லை என்பார். அதற்கு அவர் பாஷையில் 'செக்கோ' என்று பேர். உன் ஐயா, "செக்குல ஆட்டணுமா சாமி? மாடு இருக்கு, பூட்டிருவோமா?" என்று கேட்டு, சாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து நம் வீட்டில் அதற்குச் 'செக்கு ஒயின்' என்றே பேர் நின்றுவிட்டது. வைக்கோல் நிறம். பக்கத்தில் கொண்டுபோனால் பூ வாசம். வாயில் வைத்தால் முதலில் லேசான புளிப்பு, விழுங்கினபிறகு நாக்கு நுனியில் வாதுமைத் தோல் கசப்பு. நான் குடித்திருக்கிறேன், ஒரு சங்களவு. பொம்பிளை குடித்தாளா என்று உன் பெண்டாட்டி முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பதம் பார்க்கச் சொல்லிச் சாமியார் என்னிடம்தான் கொடுப்பார். இனிப்பு நிற்கிறதா இல்லையா என்று என் நாக்கு சொன்னதுதான் முடிவு.

உன் மாமனும் நம் வீட்டில் அதைக் குடித்திருக்கிறான். ஒருமுறை இல்லை, வந்தபோதெல்லாம். அவன் அப்போது குமுளிக்கு மேலே மலைத்தோட்டத்து வெள்ளைக்காரர் கிளப்பில் கணக்கெழுதுகிற ரைட்டர். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படித்த ஒரே பிள்ளை. அவன் சட்டைப்பையில் பேனா செருகிக்கொண்டு வந்தால், எனக்கு என் பிறந்த வீடே எழுந்து நடந்து வருகிற மாதிரி இருக்கும். அவன் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்னை அஞ்சாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அதற்காக நான் அழுதது கிடையாது. படித்து அவன் என்ன செய்தான் என்பதைக் கேள்.

சண்டை வந்தது. இத்தாலி எதிரி நாடு என்று சாமியாரைப் போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போலீஸ் வண்டியில் ஏறுமுன், நம் கொட்டகையில் இருந்த பீப்பாய்களைக் காட்டி, "கோயிலுக்கு" என்று மட்டும் சொன்னார். அவரை மறுபடி நாங்கள் பார்க்கவில்லை. அதே சண்டையில் கிளப்புக்கு வந்துகொண்டிருந்த இத்தாலி ஒயினும் நின்றுபோனது. நாக்கு வறண்ட துரைகள், கீழே பள்ளத்தாக்கில் யாரோ வெள்ளைத் திராட்சை போடுகிறார்களாமே, அந்த ஆளிடம் 'டிரை ஒயின்' கிடைக்குமா கேள் என்று உன் மாமனை அனுப்பினார்கள். வந்தான். நம் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுச் சொன்னான்:

"மாப்ள, யோகம் அடிச்சிருச்சு. தொரைமாருக்கு உங்க வெள்ளைக்கொடியில 'டிரை ஒயின்' வேணுமாம்."

"டிரைன்னா என்ன மச்சான்?"

"டிரைன்னா காஞ்சது. நல்லா வெயில்ல காஞ்சது."

"ஒயினு எப்படி மச்சான் காயும்? தண்ணியில்ல அது?"

உன் மாமன் சிரித்தான். "இங்கிலீசுல வைன்னா கொடி மாப்ள. கொடியில வெளைஞ்சத காயப்போட்டா டிரை வைன். தொரைமாரு கிறிஸ்மஸ் கேக்குல அள்ளிப் போடுவாக. கடலுல கப்பல் வரல, அதுக்குத்தேன் உங்ககிட்ட வாராக. மொத்தத்தையும் காயப்போடுங்க. நீங்களே கொண்டாந்து, 'டிரை ஒயின் சார்'னு கம்பீரமாச் சொல்லுங்க. எடுத்துக்கிடுவாக."

படித்தவன், கூடப்பிறந்தவன், சொல்கிறான். கொடிக்கு வைன் என்பதும் பொய்யில்லை, காய்ந்ததற்கு டிரை என்பதும் பொய்யில்லை. இரண்டு மெய்யைச் சேர்த்து ஒரு பொய்யைப் பின்னினான். இனிப்பு தீர்ந்த ஒயினைத்தான் இங்கிலீஷ்காரன் டிரை என்கிறான், சாமியார் சொன்ன செக்கோவும் அதே காய்ந்ததுதான், எங்கள் கொட்டகையில் பீப்பாயில் கிடக்கிறதே அதுதான் துரைகள் தேடுவது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் அதைச் செக்கு என்று அல்லவா கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்! அவனுக்குத் தெரியும். புறப்படும்போது, "எதிரி நாட்டுச் சாமியாரு பீப்பா இங்கன கெடந்தா போலீசு உங்களையும் இழுக்கும். நான் கொண்டுபோயி பத்திரமா வைக்கேன்" என்று வண்டி கட்டி ஏற்றிக்கொண்டான். வண்டிக்கு வைக்கோல் மெத்தை போட்டுக் கொடுத்தது நான்.

அந்த வருஷத்து வெள்ளை முழுவதையும் மேற்கே பாறையில் காயப்போட்டோம். ஒயினுக்கு ஒரு குலைகூட நிறுத்தவில்லை. காற்றில் தூசி படாமல் வேட்டி விரித்து மூடுவதும், குருவி விரட்டுவதும், சாயங்காலம் அள்ளுவதுமாக உன் ஐயா பாறையிலேயே குடியிருந்தார். நன்றாகத்தான் காய்ந்தது. துவைத்த வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, மூட்டைகளைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு மலையேறினார். கிளப்பு வராந்தாவில் துரைகள் உட்கார்ந்திருந்தார்களாம். உன் மாமன் பக்கத்தில் நின்றிருந்தானாம். உன் ஐயா மூட்டையை அவிழ்த்து, அவன் சொல்லிக்கொடுத்தபடியே, "டிரை ஒயின் சார்" என்றார்.

ஒருத்தன் நாற்காலியிலிருந்து விழப் போனானாம் சிரிப்பில். ஒருத்தன் ஒரு கை அள்ளிக் கிளாசில் போட்டு, குடிக்கிற மாதிரி அண்ணாந்து காட்டினானாம். உன் மாமன் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். அந்த நேரம் உன் ஐயா மேஜைமேல் இருந்த கிளாஸ்களைப் பார்த்திருக்கிறார். வைக்கோல் நிறம். காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது வாசமும் வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நம்ம பீப்பா ஒயினுதேன் புள்ள அது. எனக்குத் தெரியாதா? அதக் குடிச்சுக்கிட்டேதேன் என்னப் பாத்துச் சிரிச்சாக."

நான் அப்போதே மலையேறக் கிளம்பினேன். தலைமுடியைக்கூட முடியவில்லை. அவர்தான் வழி மறித்தார். "சாமியாரு பீப்பான்னு வெளிய வந்தா உங்க அண்ணன் உள்ள போயிருவான். உன் பொறந்த வீட்டுக்கு என்னால ஒரு கேடு வரக்கூடாது" என்றார். என் பிறந்த வீட்டை அவர் காப்பாற்றினார், பார்த்துக்கொள். மறுநாள் அருவாளை எடுத்துக்கொண்டு போய் வெள்ளைக்கொடி அத்தனையையும் தூரோடு வெட்டினார். அதற்கு முந்தின கவாத்திலேயே உன் மாமன், "சும்மா எறியிற குச்சிதான மாப்ள" என்று கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்த் தன் நிலத்தில் நட்டிருந்தான். நம் பந்தல் மொட்டையானபோது அவன் பந்தல் தழைத்தது. அவனுக்கு 'வெள்ளைக்கொடித் தோட்டத்தார்' என்று மரியாதைப் பேர் வந்தது. டீக்கடையில் அவன் சொல்லிச் சொல்லி ஊர் சிரித்ததில், உன் ஐயாவுக்கு வந்த பேர் 'காஞ்ச ஒயினு'. சந்தைக்குப் போனால், "காஞ்ச ஒயினு வாராருடோய், மூட்டைய எறக்கச் சொல்லு" என்பார்கள். அவர் சந்தைக்குப் போவதை நிறுத்தினார். பிறகு கோயிலுக்கு. பிறகு தெருவுக்கு. கடைசியில் காய்ச்சல்தான் கொண்டுபோனது என்று சொல்வார்கள். காய்ச்சல் இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்குத்தான் வரவில்லை? எழுந்து நடக்கிற ஆசை இருந்தவர்கள் எழுந்தார்கள்.

அவர் செத்த அன்று, முறைப்படி பிறந்த வீட்டுக் கோடிச்சேலையை என் அண்ணன்தான் எனக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தான். ஊரே நிற்கிறது. நான் வாங்கவில்லை. "எனக்குப் பொறந்த வீடு கெடையாது. கொண்டுபோங்க" என்றேன். கட்டின புருஷன் வீட்டுக் கோடியையே கட்டிக்கொண்டேன். அப்படி ஒரு காரியத்தை அதற்குமுன் இந்த ஊரில் யாரும் செய்ததில்லை. தட்டில் இருந்த சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் தெருவழியே திரும்பி நடந்ததை நான் அழுதுகொண்டேதான் பார்த்தேன், ஆனால் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

இன்னொன்றும் கேள். புதிதாக வந்த சாமியார் ஒருவர், பூசை ஒயினைப் பற்றி விசாரிக்க வந்தபோதுதான், செக்கோ என்றாலும் டிரை என்றாலும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரிந்தது. இங்கிலீஷில் மூன்றே எழுத்து. அந்த மூன்றெழுத்தை மட்டும் அவரிடம் எழுதிக் கற்றுக்கொண்டேன். அடுத்த அறுப்பில் உன் மாமன் தானாகவே ஒயின் போட்டான். புளிப்பு முறுகிப்போனது. என் மதினியை என்னிடம் அனுப்பினான், அந்த வெட்கங்கெட்டவன். அவள் பாவம், வாசலில் நின்றுகொண்டு, "ஒனக்குத்தேன் அந்தப் பதம் தெரியுமாம், உங்க அண்ணன் கேட்டு வரச் சொன்னாக" என்றாள். நான் சிரித்த முகத்தோடு உட்காரவைத்து, "ஒண்ணுமில்ல மதினி, பீப்பாய்க்கு ஒரு கூடை அச்சு வெல்லம் தட்டிப் போடச் சொல்லுங்க, இனிப்ப நுரை தின்னுரும், சரியாப்போகும்" என்றேன். போட்டான். துரைகள் ஒரு வாய் குடித்துவிட்டு, டிரை கேட்டால் பாயசம் கொடுக்கிறாயா என்று பீப்பாயை வராந்தாவிலிருந்து உருட்டிவிட்டார்களாம். கிளப்பு அவனிடம் ஒயின் வாங்குவது அன்றோடு நின்றது. அதற்கு நான் இன்றைக்கு வரை வருத்தப்படவில்லை. இனியும் வருத்தப்பட மாட்டேன்.

இப்போது துரைகள் கப்பலேறிவிட்டார்கள். அவன் தோட்டத்துப் பழம் மதுரைக்கு லாரியில் போகிறது. வீடு மச்சுவீடு. நீ அதைத்தான் பார்த்தாய். பெண் கொடுக்கிற வீட்டில் மச்சையும் தோட்டத்தையும் பார்க்காதே தம்பி. அந்த வீட்டில் சாப்பிட உட்காரும்போது யாரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேள். செல்வி அங்கே போய்ப் பந்தியில் பரிமாறும்போது, யாராவது 'காஞ்ச ஒயினு' கதையை எடுத்தால் அவள் என்ன செய்வாள்? சிரித்தால் தாத்தாவுக்குத் துரோகம். சிரிக்காவிட்டால் புருஷன் வீட்டுக்கு ஆகாதவள். அந்தப் பையன்மேல் எனக்குக் குறையில்லை. நல்ல பையன், பாட்டன் சாயல் மூக்கில் மட்டும்தான் இருக்கிறது. செல்வி போன தடவை வந்தபோது என் மடியில் தலைவைத்து, "அப்பத்தா, எனக்கு அவுகளப் புடிச்சிருக்கு, நீ வேணாம்னு சொல்லிறாத" என்றாள். ஆகவே நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்படி என்று மட்டும் சொல்கிறேன்.

போன வாரம் உன் மாமன் தடியூன்றி இங்கே வந்தான், என்னை அழைக்க. மூச்சு வாங்கியது. சேர் எடுத்துப் போட்டேன்.

"சொகமா இருக்கியா தங்கச்சி?"

"எனக்கென்னண்ணே கொறச்சல். நீங்கதேன் எளைச்சுட்டீக."

"பேரன் கல்யாணத்துக்கு நீ வந்து நிக்கணும் ஆத்தா. பழச மனசுல வச்சுக்கிடாத."

"பழசுன்னா எதச் சொல்றீக? பேரு இருக்கும்ல அதுக்கு? டி, ஆர், வொய்யி, அதா?"

அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும் நீ. எனக்கு அந்த இங்கிலீஷ் எழுத்து தெரியும் என்று அவன் நினைக்கவே இல்லை. தடியின் பூணைத் தடவினான். பிறகு சொன்னான்: "தெரிஞ்சுதேன் சொன்னேன். ஒயினு யாவாரத்த நானே எடுத்துக்கிடலாம்னு ஒரு ஆச. மாப்ள ரெண்டு கொல கொண்டாருவாரு, சிரிச்சுட்டு விட்டுருவோம்னு நெனச்சேன். மொத்தத்தையும் காயப்போட்டுருவாருன்னு..."

"நீங்கதானண்ணே மொத்தத்தையும்னு சொன்னீக. சரி, சிரிச்சீக. விட்டீகளா?"

"மன்னிச்சுக்க ஆத்தா." கையெடுத்துக் கும்பிட்டான். கண்ணில் தண்ணீர்.

"ஒத்தையில சொன்னா இந்தச் செவுத்துக்குத்தேன் கேக்கும்ணே. ஊரக் கூட்டிச் சிரிச்சீக. ஊரக் கூட்டித்தேன் சொல்லணும். பரிசத்தன்னைக்கு, தட்டு மாத்துறதுக்கு முன்னால, சபையில எந்திரிச்சு, டிரைன்னா என்னன்னும், தெரிஞ்சுக்கிட்டே என் தங்கச்சி புருசனுக்கு மாத்திச் சொன்னேன்னும் உங்க வாயால சொல்லுங்க."

"பேரன் விசேசத்துல என் மானத்த வாங்குறியே."

"எங்க வீட்டுக்காரு மானத்த நாள் பாத்தா வாங்குனீக?"

தடியை ஊன்றி எழுந்து போய்விட்டான். சொல்வானா மாட்டானா என்று எனக்குத் தெரியாது. நீ அவனிடம் போய்ச் சமாதானம் பேசாதே. அம்மாவுக்கு வயசாகிவிட்டது, கோளாறாகப் பேசுகிறாள் என்று அவனிடம் சொன்னாயானால், அதற்குப்பிறகு எனக்கு மகன் கிடையாது. பிறந்த வீடு இல்லாமல் இருந்து பழகியவளுக்கு அது பெரிய காரியமில்லை. அவன் எழுந்து சொன்னால், தட்டு மாற்று. அதோடு நான் வாய் திறக்க மாட்டேன், அவன் பேரனுக்கு என் கையாலேயே விபூதி பூசுவேன். அவன் சொல்லாவிட்டால், சபையில் நான் எழுந்து சொல்வேன். அவன் சொன்னால் அது ஒரு கிழவனின் மன்னிப்பு. நான் சொன்னால் அது ஒரு வழக்கு. வழக்கு நடக்கிற வீட்டில் கல்யாணம் நடக்காது. செல்வி அழுவாள். எனக்குத் தெரியும். அவள் அழுகையை நினைத்துத்தான் இத்தனை நாளும் தூங்காமல் கிடந்தேன். நினைத்துப் பார்த்த பிறகும் என் முடிவு இதுதான். இதை இப்போதே அவள் காதுபடப் படித்துவிட்டாய் அல்லவா, அதுவும் நல்லது. அவள் போய் அந்தப் பையனிடம் சொல்லட்டும். பாட்டனிடம் பேரன் கேட்டால், என்னைவிட நன்றாகக் கேட்பான்.

பரிசத்துக்கு முந்தின நாள் பஸ்ஸில் வருகிறேன். தாலி அறுத்தவள் சபைக்கு முன்னால் வரக்கூடாது என்று உன் பெண்டாட்டி வீட்டார் சொல்வார்கள். பின்கட்டில், சமையல்காரர்கள் பக்கத்தில் எனக்கு ஒரு பாய் போட்டு வைப்பார்கள். அந்தப் பாயை நீயே எடுத்துவந்து கூடத்தில், அவனுக்கு நேர் எதிரே போடு. காது எனக்கு முன்மாதிரி இல்லை. அவன் வாய் அசைவது என் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

உன் அம்மா